தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்திய காலம்
அன்றைய மலாயாத் தோட்டங்களில் தமிழ்ப் பெண் விடியுமுன் அடுப்பு மூட்டி, பின் பால்மரம் சீவப் போவாள். கூலியோ ஆணைவிடக் குறைவு. ஜப்பானியர் ஆட்சியின்போது, 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய தோட்டத்துப் பெண்களே. கேப்டன் லட்சுமி தலைமையில் சீருடை அணிந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். ஒரு பகுதியினர் பர்மா வரை சென்றனர்.

1945-இல் படை கலைந்தது. பின்னர் ஜானகி ஆதி நாகப்பன் ம.இ.கா.வின் தோற்றுநர்களில் ஒருவராகி, செனட்டராகவும் உயர்ந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியைகளின் சம ஊதியத்துக்காகப் போராடினார்.

இவ்விருவரையும் நாடறியும். தோட்டத்துக்கே திரும்பியவர்களில் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. குடும்பத்துப் பெரியவர்கள் பாட்டியின் கதையில் 'ராணிப் படை' என்று சொன்னால், அதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.