எல்லா அரிப்புக்கும் ஒரே மாத்திரையா?

மைசூருவிலிருந்து மேற்கே குடகை நோக்கிப் போகும் வழியின் வேலிகளிலும் காட்டோரங்களிலும் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடக்கும். கன்னடத்தில் அதை நசுகுன்னி என்பார்கள். முற்றிய காயைப் போர்த்தியிருக்கும் பொன்னிறச் சுணை தோலில் பட்டால் அடங்காத அரிப்பு கிளம்பும். அரிப்பு என்றதும் நம் கை மருந்துக்கடையின் செட்டிரிசின் மாத்திரைக்குத்தான் போகிறது. ஆனால் இந்த அரிப்பை அந்த மாத்திரை அடக்குவதில்லை. தோலில் முன்கூட்டியே ஹிஸ்டமின் தடுப்பு மருந்தைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் ஹிஸ்டமினால் வரும் அரிப்பு மட்டும் அடங்கியது. பூனைக்காலியின் அரிப்பு குறையவில்லை. அரிப்பு என்பது ஒரே பாதையில் வரும் ஒரே செய்தி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நன்கு அறியப்பட்ட பாதை ஹிஸ்டமினுடையது. கொசு கடித்த இடத்திலும் தடிப்புச் சொறியிலும் தோலின் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. அதை உணர்ந்து செய்தி அனுப்பும் மெல்லிய நரம்பிழைகளை 1997இல் ஷ்மெல்ஸ் குழுவினர் மனிதர்களிடமே பதிவு செய்தார்கள். வினாடிக்கு ஒரு மீட்டர்கூடத் தாண்டாத மந்த வேகம் அவற்றுக்கு. பூனைக்காலியின் வழி வேறு. அதன் சுணையில் இருப்பது புரதத்தை வெட்டும் ஒரு நொதி என்று 1955இல் ஷெல்லியும் ஆர்தரும் கண்டு, அதற்கு மியூகுனைன் என்று பெயரிட்டார்கள். தோல் செல்களிலும் நரம்பு முனைகளிலும் இருக்கும் சில ஏற்பிகளின் நுனியை இந்த நொதி வெட்டுகிறது. வெட்டுப்பட்டு வெளிவரும் புது நுனியே அந்த ஏற்பியை முடுக்குகிறது என்று 2008இல் தெரியவந்தது. சுணையைச் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்தால், அது தைத்தாலும் அரிப்பதில்லை. ஹிஸ்டமினும் பூனைக்காலியும் தண்டுவடத்தில் தூண்டும் நரம்பணுக்கள்கூட வெவ்வேறு என்று 2007இல் குரங்குகளில் நடந்த ஆய்வு காட்டியது.

அரிப்பு மெலிந்த வலிதானே, அதற்குத் தனிப் பாதை எதற்கு என்று கேட்கலாம். 1920களில் ஃபான் ஃபிரே போன்ற பெரிய அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள். வலிக்கும் அரிப்புக்கும் உரிய செய்திகள் தண்டுவடத்தில் அருகருகே ஏறுவதால் அந்த எண்ணம் இயல்பானதும்கூட. ஆனால் மார்ஃபின் வலியை மழுங்கடிக்கிறது, அதே வேளையில் பலருக்கு அரிப்பை உண்டாக்குகிறது. மெலிந்த வலியாக இருந்தால் அதுவல்லவா முதலில் மறைய வேண்டும்? 2009இல் சென் குழுவினர் எலிகளின் தண்டுவடத்தில் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தாங்கிய நரம்பணுக்களை மட்டும் அழித்தார்கள். எலிகள் சொறிவது ஏறக்குறைய நின்றது. வலியுணர்வு அப்படியே இருந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மிளகாய்க் காரத்தின் கேப்சைசினைத் தோலில் ஊசியால் செலுத்தினால் எரிகிறது. அதையே செயலிழந்த ஒரு சுணையில் தோய்த்து ஒரு புள்ளியில் தைத்தால் அரிக்கவும் செய்கிறது. அப்படியானால் பாதைகள் தனித்தனி என்பது எப்படி? இதற்கு 2013இல் வந்த எலி ஆய்வு விடை தருகிறது. கேப்சைசினை உணரும் ஏற்பியை அரிப்பு நரம்புகளில் மட்டும் வைத்து, மற்றவற்றில் நீக்கியபோது, கேப்சைசின் பட்ட எலிகள் சொறிந்தன. வலியின் அறிகுறியைக் காட்டவில்லை. எந்தப் பொருள் தீண்டியது என்பது அல்ல, எந்த நரம்பு பேசியது என்பதே உணர்வைத் தீர்மானிக்கிறது. வலி நரம்புகளும் சேர்ந்து பேசும்போது தண்டுவடத்தின் தடுப்பு நரம்பணுக்கள் அரிப்பை அமுக்குகின்றன. சொறிந்தால் சற்று நேரம் இதமாக இருப்பதும் இதனால்தான். பாதைகள் ஒன்றோடொன்று உரசுவது உண்மை. அதனால் அவை ஒன்றாகிவிடுவதில்லை.

இது ஆய்வகத்தோடு முடியும் விவாதம் அல்ல. மைசூருவின் காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம் சிலருக்குக் கொடிய தோல் ஒவ்வாமையைத் தருகிறது. அதை நடத்துவது டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள். அவை சுரக்கும் பொருள்கள் நரம்புகளைத் தூண்டும்போது ஹிஸ்டமின் தடுப்பு பெரிதாக உதவாது. சிறுநீரகம் செயலிழந்தோரையும் பித்தநீர் தேங்கியோரையும் வாட்டும் அரிப்பும் பெரும்பாலும் அப்படியே. டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டைஃபெலிகெஃபாலின், ஹிஸ்டமினைத் தொடாமல் ஓபியாய்டு ஏற்பி வழியாகவே வேலை செய்கிறது. தடிப்புச் சொறிக்குப் பழைய மாத்திரை இன்றும் நல்ல மருந்துதான். ஆனால் ஆறு வாரம் தாண்டியும் அரிப்பு நீடித்தால், அதிலும் தோலில் ஒன்றும் தெரியாவிட்டால், அதே மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது தவறு. சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் ஆகியவற்றைச் சோதித்துக் காரணத்தைத் தேடச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. எந்தப் பாதையில் அரிப்பு வருகிறது என்று அறிந்த பிறகே அதை அடைக்க முடியும்.