மலைப்பாதை ஏன் வளைகிறது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காட்டு ஒற்றையடிப்பாதைகளும் பெரும்பாலும் வளைந்து வளைந்துதான் ஏறுகின்றன. நேராக ஏறினால் தூரம் குறையுமே, பிறகு ஏன் இந்தச் சுற்று?

40 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் ஒருவன் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். எவ்வழியில் ஏறினாலும் புவியீர்ப்பை எதிர்த்து அவன் செய்யும் வேலை 39,200 ஜூல்தான். ஆனால் 200 மீட்டர் நீளமுள்ள நேர்வழியில் தன் எடையில் பாதியளவு விசையை அவன் செலுத்த வேண்டும். 600 மீட்டர் வளைவுப் பாதையிலோ ஆறில் ஒரு பங்கே போதும். இதுவே சாய்தளத் தத்துவம்.

ஒருமுறை என் மாணவர்களுடன் மலையேறித் திரும்புகையில், ஒருவன் வளைவைத் தவிர்த்துக் குறுக்கே இறங்கினான். உதிரிக் கற்கள் சறுக்கின, கணுக்கால் பிசகியது. அவனை மாறி மாறித் தூக்கிக்கொண்டு அடிவாரம் சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

கேடு அவனோடு நிற்பதில்லை. பலர் மிதித்த குறுக்குவழியில் புல் அழியும். மழைநீர் அதையே வாய்க்காலாக்கி விரைந்து பாயும். நீரின் வேகம் இருமடங்கானால், கணக்குப்படி அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும்! நாளடைவில் நல்ல பாதையும் அரிக்கப்பட்டுவிடும்.

அடுத்த முறை மலையேறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே செல்லுங்கள், ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.