வாரக்குடிக்கு ஒரு சீட்டு

நிலத்தை உழுகிறவன் ஒருவன், கணக்கில் பெயருள்ளவன் மற்றொருவன் என்றிருந்தால் பயிர்க் கடன் யாருக்குக் கொடுப்பது? சங்கங்களைப் பரிசோதிக்கச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் என்னைக் கேட்பது இதுவே. மேற்கு வங்காளத்தார் இதற்குச் செய்த ஏற்பாட்டை இங்கு விவரிக்கின்றேன்.

அங்கே பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிடுவோருக்குப் பர்காதார் என்று பெயர். அவர்களை இஷ்டம்போல் வெளியேற்றலாகாதென 1955-ம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டமும் அதன் திருத்தங்களும் விதித்திருந்தன. உழுமாடு, விதை, உரம் முதலியவற்றைச் சொந்தக்காரர் கொடுத்தால் மகசூல் சரிபாதி. கொடாவிடில் நான்கில் மூன்று பங்கு குடிக்கு. சட்டம் நல்லதுதான். ஆனால் பேச்சு வாய்ப்பேச்சு, ரசீது கிடையாது. "இவன் என் கூலியாள்" என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டால் குடியானவன் எதைக் காட்டுவான்? அடுத்த போகம் நிலம் தன்னிடமிருக்குமோ என்று ஐயுறுகிறவன் கைக்காசைச் செலவிட்டு எருவடிப்பானா?

1977-ல் ஒரு திருத்தம் வந்தது. பயிரிடுகிறவன் பர்காதார் அல்லன் என்று ரூபிக்கும் பொறுப்பு அதனால் சொந்தக்காரரைச் சேர்ந்தது. 1978-ல் பெயர்களைப் பதியும் வேலை தொடங்கிற்று. உத்தியோகஸ்தர்கள் கிராமத்திலேயே முகாமிட்டு, வேலை முடிந்து குடிகள் திரும்பும் அந்தி வேளையில் கூட்டம் கூட்டினர். தனியே வாய் திறக்க அஞ்சியவர்கள் பலர் கூடிய இடத்தில் பேசினார்கள். பின்னர் வயலிலேயே விசாரணை செய்து, பட்டியலை யாவருமறிய வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டுச் சீட்டு வழங்கினர். நாளடைவில் சுமார் 14 லட்சம் பேர் பதிவாயினர்.

நிலம் சொந்தக்காரருடையதாகவே இருந்தது. இதைச் சிலர் தவறாக எண்ணுகின்றனர். குடிக்குக் கிடைத்தவை நிலையான சாகுபடி உரிமையும் சட்டப்படியான பங்கும். சீட்டைக் காட்டிப் பாங்கியில் பயிர்க் கடன் பெற்றவர்களும் உண்டு. பதிவினால் மகசூல் கூடியதென்று 2002-ல் வெளியான பொருளாதார ஆராய்ச்சியொன்று கண்டது. குழாய்க் கிணறும் புதிய நெல்விதையும் அக்காலத்திலேயே பரவினபடியால் முழுப் புகழையும் பதிவிற்கே கொடுப்பது சரியன்று. பெண்களின் பெயர் மிகச் சிறுபான்மையே ஏறிற்று, இது பெருங்குறை.

தமிழ்நாட்டிலும் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டம் ஏற்பட்டது. அதன்படி குத்தகைதாரரே மனுச் செய்யலாம். குத்தகை அளந்ததற்கு ரசீது வாங்காதவர்கள் இந்தப் போகத்திலிருந்தாவது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.