மறதி யாருடையது?

கடல் கடந்து வாழும் மக்களின் மடலை எதிர்பார்த்துக் கணினி முன் அமரும் பெற்றோர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே பலர். 'தண்டர்பேர்ட்' என்னும் மின்னஞ்சல் செயலியோ, நேற்றுக் கொடுத்த கடவுச்சொல்லை இன்றும் கேட்கின்றது. மறதிக்காரச் செயலி என்று வைவது எளிது. ஆயின் முதலிற் பார்க்கவேண்டியது, அமைப்புகளில் உள்ள 'சேமித்த கடவுச்சொற்கள்' பட்டியலையே.

சொல் அங்கே இருக்குமாயின் செயலி மறக்கவில்லை; அஞ்சல் வழங்கியே அதனை ஏற்க மறுக்கின்றது. ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் காட்டிப் பிற செயலிகள் நுழைவதை, கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தலாயிற்று. பின் எத்தனை முறை தட்டினும் பயன் என்ன? கணக்கின் அமைப்பிலே, வரும் அஞ்சலுக்கும் போகும் அஞ்சலுக்கும் உறுதிப்படுத்தும் முறையை 'ஓஆத்2' என மாற்றி, தோன்றும் கூகுள் பக்கத்தில் ஒருமுறை நுழைதல் வேண்டும். செயலியில் 'குக்கி'களைத் தடுத்திருப்பின் அதுவும் கைகூடாது.

சேமித்த பின்னும் பட்டியல் வெறுமையாயின் கதை வேறு. கடவுச்சொற்கள் 'லொகின்ஸ்.ஜேசன்' என்னும் கோப்பில் பூட்டிக் கிடக்கின்றன, சாவி 'கீ4.டிபி' என்னும் கோப்பில். சாவி பழுதுற்றால் பெட்டி இருந்தும் இல்லாததே. செயலியை மூடி, இவ்விரு கோப்புகளுக்கும் வேறு பெயரிட்டு மீண்டும் திறந்தால், புதியன தாமே உருவாகும். பழையவற்றை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை மறுபடி தட்டும்போது, அதனைச் சேமிக்கச் சொல்லும் சிறு கட்டத்தில் அடையாளமிடுங்கள். பலர் கண்ணுக்கு அது படுவதேயில்லை.