உங்களுக்குத் தெரியுமா? மலையேறிய படகு, தண்ணீரில் ஓடும் ரயில்!

இங்கிலாந்தில், டெவன் கடற்கரையில் ஓர் இரட்டை ஊர். செங்குத்துப் பாறைக்கு மேலே லிண்டன், கீழே கடலை ஒட்டி லின்மவுத். இரண்டிலும் சேர்த்து மக்கள் சுமார் 1,500 பேர்தான்! ஆனால் அங்கே கொட்டிக் கிடக்கும் அதிசயங்களைக் கேளுங்கள்!

கீழ் ஊரிலிருந்து மேல் ஊருக்கு ஒரு ரயில். தண்டவாளத்தின் நீளம் 862 அடி, ஏறும் உயரம் 500 அடி! 1890-ல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. பழனியில் விஞ்ச் ஏறியிருக்கிறீர்களா? அதை இழுப்பது மின்சாரம். இதை இழுப்பது வெறும் தண்ணீர்! மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஆற்று நீரை நிரப்புவார்கள். கீழே நிற்கும் பெட்டி தன் நீரைக் கொட்டிவிடும். கனமான பெட்டி இறங்க இறங்க, கம்பிவடத்தின் மறுமுனையில் உள்ள பெட்டி ஏறிவிடும். டீசல் கிடையாது, மோட்டார் கிடையாது, புகை கிடையாது! ஒரு தொட்டிக்கு 700 கேலன்!

இந்தத் தண்ணீருக்குச் சட்டமே இருக்கிறது! நாளொன்றுக்கு 60,000 கேலன், காலமெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்!

ரயிலுக்குப் பணம் போட்டவர் யார் தெரியுமா? ஜார்ஜ் நியூன்ஸ். 1881-ல் 'டிட்-பிட்ஸ்' வார இதழைத் தொடங்கியவர். அந்த இதழ் முழுக்க முழுக்கத் துணுக்குகள்! துணுக்கு விற்ற காசு மலை ரயிலாகியிருக்கிறது. துணுக்கு எழுதும் எவருக்கும் இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகளை உலகுக்குத் தந்த 'ஸ்ட்ராண்ட்' இதழும் இவருடையதுதான்!

ஊருக்குப் பக்கத்தில் 'பாறைப் பள்ளத்தாக்கு'. அங்கே காட்டாடுகள் செங்குத்துப் பாறைகளில் தாவித் திரிகின்றன. அதே பள்ளத்தாக்கில் ஒரு கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது!

இனி வருவதுதான் என் கண்டுபிடிப்புகளிலேயே மணியானது! 1899 ஜனவரி 12. கடலில் கடும் புயல். 'ஃபாரஸ்ட் ஹால்' என்ற கப்பல் தத்தளிக்கிறது. லின்மவுத்தின் மீட்புப் படகு 'லூயிசா'வைக் கடலில் இறக்க முடியவில்லை. அலை அப்படி! என்ன செய்தார்கள் தெரியுமா? 10 டன் படகை மலைமேல் ஏற்றினார்கள்! 13 மைல் தள்ளி இருக்கும் போர்லாக் கரைக்கு, இரவோடு இரவாக, கொட்டும் மழையில்! சுமார் 20 குதிரைகள், சுமார் 100 பேர். சரிவோ, நாலடி போனால் ஓரடி ஏறும் சரிவு! குறுகலான இடத்தில் வண்டி நுழையவில்லை. உடனே படகை இறக்கிச் சறுக்குக் கட்டைகள்மேல் இழுத்தார்கள். வழியை மறித்த சுவர்களை இடித்தார்கள், மரத்தை வெட்டினார்கள். பத்தரை மணி நேரம் கழித்து, காலை ஆறரைக்குப் போர்லாக்! யாரும் உட்காரவில்லை, நேராகக் கடலில் இறங்கினார்கள். கப்பலில் இருந்த 18 பேரும் பிழைத்தார்கள்! நான்கு குதிரைகள் மட்டும் களைப்பில் உயிரை விட்டன. நூறாண்டு நிறைவில், 1999-ல், இதே பயணத்தை ஊர் மக்கள் மீண்டும் நடத்திக் காட்டினார்கள். ஆனால் பகல் வெளிச்சத்தில்!

1812 கோடையில் இங்கே தங்கியவர் கவிஞர் ஷெல்லி. வயது 19! புரட்சித் துண்டறிக்கைகளைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். பலூனில் கட்டி வானத்திலும் விட்டார்! அவற்றைப் பார்ன்ஸ்டபிள் நகரில் ஒட்டப்போன வேலையாளுக்குக் கிடைத்தது ஆறு மாதச் சிறை!

1890-லேயே ஆற்று நீரில் மின்சாரம் எடுத்து விளக்கு எரித்த ஊர் இது!

அதே ஆறு 1952 ஆகஸ்ட் 15 இரவு ஊரைப் புரட்டிப் போட்டது. 24 மணி நேரத்தில் 9 அங்குல மழை. 34 உயிர்கள் போயின. குளியலுக்குக் கடல்நீர் சேமிக்கக் கட்டிய துறைமுகக் கோபுரமும் போனது. 1954-க்குள் அதைத் திரும்பக் கட்டி நிறுத்திவிட்டார்கள்!

ஊரைச் சூழ்ந்திருக்கும் எக்ஸ்மூர், 2011-ல் ஐரோப்பாவின் முதல் இருள்வானக் காப்பகமானது. இருட்டுக்கே பாதுகாப்பு!

நியூன்ஸ் தலைமையில் இன்னொரு ரயிலும் வந்தது. 1898-ல் பார்ன்ஸ்டபிளிலிருந்து லிண்டனுக்கு. தண்டவாள இடைவெளி இரண்டடிகூட இல்லை! எஞ்சின்களுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். 1935-ல் பாதையை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்கும் வேலையையும் 'லூ' என்ற எஞ்சினே செய்தது! 1936-ல் லூவைக் கப்பலேற்றிப் பிரேசிலுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த எஞ்சின் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை!