ஏட்டைப் பார்க்கும் இயந்திரக் கண்

அழியும் ஏட்டைக் காத்தற்கு நம் முன்னோர் கண்ட வழி பெயர்த்தெழுதுதலாகும். செல்லரித்த சுவடியின் உள்ளுறையைப் புதிய ஓலையிற் பொறித்து அவர் நமக்கு அளித்தனர். இன்று அப்பணியை வருடி என்னும் பொறி செய்கின்றது. ஸ்கானர் என வழங்கும் அப்பொறி எவ்வாறு பார்க்கின்றது என்பதை அறிதல் பயனுடைத்து.

சிலிக்கன் என்னும் குறைகடத்தியின்மீது ஒளி படும்போது அதனுள் இலத்திரன்கள் விடுபடுகின்றன. ஒளி மிகின் அவை மிகும், குறையின் குறையும். வெண்மையான தாள் ஒளியைப் பெரிதும் திருப்பியனுப்பும். கரிய எழுத்து அதனை உட்கொள்ளும். எனவே தாளிலுள்ள வெண்மையும் கருமையும் மின்னேற்றத்தின் மிகுதியாகவும் குறைவாகவும் மாறுகின்றன. அம்மின்னேற்றம் அளக்கப்பட்டு, பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள எண்ணொன்றாகக் குறிக்கப்படும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவில், ஏ4 தாளின் அகலத்துக்கு ஏறத்தாழ 2,480 புள்ளிகள் அமையும். உணரி மெல்ல நகர்ந்து, வரிவரியாகப் பக்கம் முழுவதையும் எண்களாக்கும்.

இவ்வுணரிகள் இருவகைப்படும். முதலாவது சீ.சீ.டி. என்பது. 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இதனை ஆக்கிய வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் 2009இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசிற் பங்குபெற்றனர். வரிசையாக நிற்போர் நீர்வாளியைக் கைக்குக் கை மாற்றுவதுபோல, இதன் ஒவ்வோர் அறையிலுமுள்ள மின்னேற்றம் அடுத்த அறைக்குக் கடத்தப்பட்டு ஈற்றில் அளக்கப்படும். தாளின் உருவம் ஆடிகளால் திருப்பப்பட்டு, வில்லையாற் சுருக்கப்பட்டு, இச்சிறிய உணரியில் விழும்.

இரண்டாவது சீ.ஐ.எஸ். எனப்படும் தொடுகை உணரி. இது தாளின் அகலம் முழுதும் நீண்டு, கண்ணாடிக்கு மிக அணித்தாய் இயங்கும். இதில் ஆடிகள் இல்லை. நுண்ணிய கோல்வில்லைகளின் வரிசையே உண்டு. சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மாறிமாறி ஒளிர்ந்து நிறத்தைத் தரும். இதனாற் பொறி மெலிந்தது. மின் செலவும் விலையும் குறைந்தன.

அவ்வாறாயின் விலை குறைந்ததே சாலும் எனலாமோ? தட்டையான தாளுக்குச் சாலும். ஆயினும், கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீற்றர் விலகிய எழுத்தும் தொடுகை உணரிக்கு மங்கித் தோன்றும். தடித்த நூலின் நடுமடிப்பும் வளைந்த ஓலையும் அவ்வாறு விலகுவன. அழுத்தினாற் கட்டு முறியும், ஓலை பிளக்கும். அழுத்தாவிடின் எழுத்துத் தெளியாது. சீ.சீ.டி. வருடியோ அவ்விலக்கத்தை ஓரளவு பொறுத்துத் தெளிவாகக் காணும். மிக நலிந்த ஏடுகளுக்கு, அவற்றைத் தொடாது மேலிருந்து படம்பிடிக்கும் கமராவே தக்கது.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம், எஞ்சிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. பாடசாலைகளிலும் இல்லங்களிலும் உள்ள பழைய மலர்களும் ஏடுகளும் இவ்வாறு காக்கப்படவேண்டியனவே. பெயர்த்தெழுதியோன் விட்ட எழுத்தை, மூலம் அழிந்தபின் எவரும் மீட்டல் அரிது. மங்கிய படமும் அத்தகையதே. ஆதலின், ஏட்டின் இயல்பறிந்து அதற்கேற்ற கண்ணைத் தேர்தல் காப்போரின் முதற் கடனாகும்.