ஒட்டுக் கத்தியும் சாணைக் கோணமும்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த ‘தானே’ புயலினால், கடலூர் ஜில்லாவின் செம்மண் மேட்டு நிலங்களில் வளர்ந்திருந்த முந்திரி மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. குள்ளஞ்சாவடி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் முந்திரியையே நம்பியிருந்த குடும்பங்கள் மீண்டும் கன்று நட வேண்டியதாயிற்று. விதைக் கன்று தாய் மரத்தின் குணத்தைத் தவறாமல் கொள்வதில்லை. ஆகையால், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களுக்கு ஒட்டுக் கன்றே உகந்தது.

இளந்தண்டு ஒட்டில், தாய்க்குச்சியின் அடியை ஆப்புப்போல் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகிக் கட்டுகிறார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலங்கள் இரண்டும் நெருங்கித் தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். சீவிய முகம் குழிந்தோ அலையலையாகவோ இருந்தால் இடையில் வெற்றிடம் உண்டாகும். மழுங்கிய கத்தியோ படலத்தை நசுக்கிவிடும். குச்சி காய்ந்தால் வேர்ச்செடியும் வீண், பருவமும் வீண்.

ஒட்டுக் கத்திக்குச் சரிவு ஒருபுறம் மட்டுமே, மறுபுறம் தட்டை. வெறுங்கையால் தீட்டும்போது மணிக்கட்டு ஏறி இறங்குவதால் கோணம் இழுப்புக்கு இழுப்பு மாறி, சரிவு உருண்டுவிடுகிறது. இக்குறையைப் போக்க, வழிகாட்டிச் சட்டம் ஒன்றைக் கிராமத் தச்சரைக்கொண்டே செய்துகொள்ளலாம்.

ஒரு பலகையின் முனையில், சரிவு மேல்நோக்கவும் விளிம்பு வெளியே நீட்டியிருக்கவும் கத்தியைப் படுக்கவைத்து முடுக்க வேண்டும். கத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தூண் நாட்டி, மேலும் கீழும் நகர்த்தக்கூடிய துளைக்கட்டையை அதில் பொருத்த வேண்டும். தீட்டுக்கல் கட்டிய இரும்புக் கம்பி அத்துளையினூடே போய்வரும்.

கோணத்தை அளக்க, 9 சென்டிமீட்டர் அடியும் 3 சென்டிமீட்டர் உயரமுமுள்ள செங்கோண அட்டை முக்கோணம் போதும். அதன் சாய்வு ஏறக்குறைய 18 டிகிரி. முக்கோணத்தின் கூர்முனை விளிம்பில் நிற்கும்படி கத்தியோடு ஒட்டிப் பிடித்து, கல்லின் முகம் அதன் சாய்வோடு இசையும் வரை துளைக்கட்டையை நகர்த்தி முடுக்க வேண்டும். முரட்டுக் கல்லை நீக்கி நயமான கல்லை மாட்டும்போது, கல்லின் கனம் வேறுபட்டால் கோணமும் மாறும். ஆகவே மறுபடி அளப்பது அவசியம்.

முதலில் சரிவில் மை தடவி இருமுறை தீட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பில் மட்டும் மை போனால் கல் உயர்ந்திருக்கிறது. முதுகுப் பக்கம் மட்டும் போனால் தாழ்ந்திருக்கிறது. முழுதும் போனால் சரி. தட்டைப் பக்கத்தில் நீளம் முழுதும் பிசிறு தட்டுப்பட்டதும் நிறுத்தி, கத்தியைக் கழற்றித் தட்டைப் பக்கத்தை நயமான கல்லில் படிய வைத்து இரண்டொரு முறை இழுத்தால் பிசிறு நீங்கும். அப்பொழுது முதுகைச் சிறிதும் தூக்கலாகாது.

நேர்விளிம்புக் கத்திக்கே இச்சட்டம் ஏற்றது. அரிவாள்போல் வளைந்தவற்றில் வளைவுக்கு வளைவு கோணம் மாறிவிடும்.

தீட்டியபின் கழிவுக் குச்சியொன்றை ஒரே இழுப்பில் சீவி, அம்முகத்தைக் கத்தியின் தட்டைப் பக்கத்தோடு பொருத்தி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இடையே ஒளி கசியாவிடில் கத்தி வேலைக்குத் தயார். நாற்றங்கால் வைத்திருப்போர் கூடி ஊருக்கொரு சட்டம் அமைத்துக்கொள்ளக் கிராம அதிகாரிகள் ஊக்குவிப்பது நலம்.